பஞ்சலிங்கம் நம்பாத திருப்பம்

மானிப்பாயில் வில்லியம் மாஸ்டர் வீட்டு முற்றத்தில் தென்னைமரத்துக்குப் போட்டியாக ஓர் அன்ரனாக் குழாய் நின்றது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து சென்னைத் தொலைக்காட்சியை இழுத்துத் தரும் குழாய். 1986ஆம் ஆண்டில் செவ்வாய்க்கிழமைதோறும் அதில் ஒரு துப்பறியும் தொடர் வந்தது. படம் தெளிவாக விழுகிற நாட்களில் அயலவர்கள் பாய் விரித்து இருந்து பார்ப்பார்கள். தொடர் முடிந்த பிறகுதான் உண்மையான கச்சேரி தொடங்கும். அதற்குத் தலைவர் பஞ்சலிங்கம்.

அவர் கோட்டில் நீதவான்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பிறருடைய பொய்யையும் மெய்யையும் ஒரே குரலில் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி, பொய் எங்கே பல்லிளிக்கும் என்பது தமக்கு அத்துப்படி என்ற எண்ணம் மனிதருக்கு வந்துவிட்டது. மழைக்குள்ளால் வந்த கொலைகாரனின் சப்பாத்தில் ஏன் சேறில்லை, பூட்டிய அறைக்குள் மெழுகுதிரியை யார் கொளுத்தியது என்று, கதை எழுதினவனைக் கூண்டில் ஏற்றாத குறையாகக் குடைந்தெடுப்பார். சனம் தொடரைப் பார்க்க வந்ததா, இவரைக் கேட்க வந்ததா என்பது மாஸ்டருக்கே சந்தேகம்.

தொடரில் மலைத்தோட்ட முதலாளி ஒருவர் காணாமல் போயிருந்தார். சொத்துக்காகத் தம்பிதான் கொன்றுவிட்டான் என்று எல்லாரும் நம்பியிருக்க, ஒரு லொறிக்காரன் வந்து, எங்கோ தூரத்துக் கள்ளுக்கடையில் முதலாளியைப் போன்ற ஒருவர் குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டதாகச் சொன்னான். முதலாளியோ வாழ்நாளில் கள்ளை மணந்துகூடப் பாராதவர்.

"அது முதலாளிதான். இருந்து பாருங்கோ" என்றார் மாஸ்டரின் மனைவி நேசம்மா.

"உது நடவாது நேசம்மா. தாடி வளக்கலாம், உடுப்பை மாத்தலாம். பிறந்ததிலையிருந்து வந்த பழக்கத்தை ஒருத்தன் மாத்தமாட்டான். உந்த லொறிக்காரன்ரை சாட்சி கோட்டிலை நிக்காது."

"ஆபத்து வந்தால் மனுசர் மாறுவினம் அண்ணை."

"எழுதினவனிலை உங்களுக்கு நல்ல இரக்கம்" என்றார் பஞ்சலிங்கம். எல்லாரும் சிரித்தார்கள். நேசம்மாவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஐப்பசியோடு சரி. பஞ்சலிங்கத்துக்கும் மீனாம்பிகைக்கும் ஒரே பிள்ளை குகதாசன். வவுனியாவில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. லீவு முடிந்து பஸ்ஸில் திரும்பிப் போனவனை இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கி, வேறு நாலைந்து பெடியன்களோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் வந்து சொன்னது அவ்வளவுதான். எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வவுனியாப் பக்கத்து முகாமில்தான் பிள்ளை இருக்கவேண்டும் என்று பஞ்சலிங்கம் கணக்குப் போட்டார். பிடித்த இடத்துக்குக் கிட்டத்தானே வைப்பார்கள்? நியாயமான கணக்கு. அவர் எந்தக் காலத்தில் நியாயமில்லாத கணக்குப் போட்டார்! முகாம் வாசலில் போய் நின்றார். அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். ஒளிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு திரும்பவும் திரும்பவும் போனார்.

கார்த்திகையில் மயிலிட்டியிலிருந்து லூர்த்தம்மா என்ற பெண் விசாரித்து விசாரித்து வீட்டுக்கு வந்தாள். கடலில் பிடிபட்ட மகனைப் பார்க்க, தெற்கில் ஒரு தடுப்பு முகாமுக்குப் போய் வந்தவள்.

"என்ரை மகனுக்குப் பக்கத்திலை ஒரு பெடியன் இருந்தவர் ஐயா. மானிப்பாய்க் குகனாம். வீட்டிலை சொல்லச் சொல்லி மகன் சொன்னவன். அந்தப் பெடியனோடை என்னைக் கதைக்க விடேல்லை."

மீனாம்பிகை ஓடிப்போய்ச் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். லூர்த்தம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவராத்தான் இருக்கவேணும். ஆனால் மொட்டை அடிச்சு, நல்லா மெலிஞ்சு..."

"இவரோ, இவரைப்போலையோ?" என்று பஞ்சலிங்கம் கேட்டார். கேட்டது தகப்பன் அல்ல, கோட்டு.

"இவரைப்போலை ஐயா."

"என்ன செய்துகொண்டிருந்தவர்?"

"நான் கொண்டுபோன மீன்பொரியலை என்ரை மகன் பகிர்ந்து குடுத்தவன். ஆவலாத் திண்டுகொண்டிருந்தார், பாவம்."

பஞ்சலிங்கம் கதிரையில் சாய்ந்துவிட்டார். அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைத்ததில்லை. பக்கத்து வளவில் மீன் பொரித்தாலே குகதாசன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போகிறவன். மானிப்பாயில் குகன் என்று எத்தனை பேர்!

"அது வேறை ஆற்றையோ பிள்ளை அம்மா. எங்கடை பிள்ளை தொடமாட்டான்."

"ஒருக்காப் போய்ப் பாருங்கோவன் ஐயா. ஆக்கள் வந்து கேட்டால்தான் அங்கை கொஞ்சம் மரியாதை."

அவள் போன பிறகு மீனாம்பிகை அழுதார். "இஞ்சேருங்கோ, ஒருக்கா நம்புங்கோவன். பொய்யெண்டால் திரும்பி வருவம்." பஞ்சலிங்கம் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். பிடித்த இடம் எங்கே, அந்த முகாம் எங்கே? படத்தைக் கண்டும் அவள் ஏன் உறுதியாகச் சொல்லவில்லை? எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மீன். விளக்கம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. மனைவியை அப்படி வாயடைக்க வைத்தது வெற்றி என்று எண்ணினார் அந்த மனிதர். அவரை என்னவென்று ஏசுவது? கல்நெஞ்சுக்காரர் அல்ல. பிள்ளைக்காக வவுனியா வாசலில் நாய்போல நின்றவர். பொய்யான இடத்தில் நம்பிக்கை வைத்து மனைவி இன்னொருமுறை உடைந்துபோகக் கூடாது என்றுதான் நினைத்தார்.

தையில் ஒரு செவ்வாய்க்கிழமை நேசம்மா வந்து மீனாம்பிகையைக் கையில் பிடித்துத் தொடர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் இருந்து சுவரைப் பார்ப்பதைவிட அது மேல் என்று பஞ்சலிங்கமும் போனார். அன்றைக்குத்தான் அந்தத் திருப்பம் வந்தது. கள்ளுக்கடை மனிதர் முதலாளியேதான்! கொல்ல வந்தவர்களுக்குப் பயந்து, தன்னை ஒருவரும் அடையாளம் காணக்கூடாதென்று குடிகாரர்களோடு குடிகாரனாக இருந்திருக்கிறார்.

வழக்கமாகக் கைதட்டிக் கூச்சல் போடும் சனம் அன்றைக்கு மூச்சுக் காட்டவில்லை. மீன் கதை அயலுக்கெல்லாம் தெரியும். நேசம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஏன் கூட்டி வந்தேன் என்று அவருக்கு ஆகிவிட்டது.

"எழுதினவனுக்கு வேறை வழி தெரியேல்லை" என்றார் பஞ்சலிங்கம்.

மீனாம்பிகை எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்றார். ஆட்கள் முன்னிலையில் புருஷனோடு குரல் உயர்த்தாதவர்.

"நாளைக்கு லூர்த்தம்மா சொன்ன இடத்துக்குப் போவம். நேசம்மா அக்காவும் மாஸ்டரும் வருவினம். வாங்கோ."

"நாங்கள் வாறம் பஞ்சலிங்கம் அண்ணை" என்றார் மாஸ்டர்.

"நாடகத்தைப் பாத்தோ பிள்ளையைத் தேடுறது?" பஞ்சலிங்கத்துக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "என்ரை பிள்ளையை எனக்குத் தெரியும்."

அதற்குமேல் ஒருவரும் வற்புறுத்தவில்லை. தகப்பன் சொல்கிறபோது அயலவர்கள் என்ன செய்வது? அடுத்த கிழமையும் அவர் வவுனியாவுக்குத்தான் போனார்.

ஆடியில் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது. அடைபட்டிருந்தவர்களை விடத் தொடங்கினார்கள். மானிப்பாய்ச் சந்தியில் பஸ் வந்து நிற்கிற நேரமெல்லாம் மீனாம்பிகை படலையில் நின்றார். ஆவணியில் ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு வந்தவன் லூர்த்தம்மாவின் மகன் அடைக்கலநாதன். அவனைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். அவன் இருக்கவில்லை.

குகதாசன் காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று சொன்னான்.

மீனாம்பிகை அழவில்லை. புருஷனின் கையை இறுக்கிப் பிடித்தார். "கேளுங்கோ. இவரிட்டை நல்லாக் கேளுங்கோ. எங்கையாவது பிழை இருக்கும்."

பஞ்சலிங்கம் கேட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளையின் முதுகில் இருந்த மறு எந்தப் பக்கம்? அவன் சொன்னான். நித்திரையில் என்ன செய்வான்? பல்லை நெறுமுவான் என்றான். வவுனியாவில் பிடித்தவனை ஏன் அங்கே கொண்டுவந்தார்கள்? அன்று பிடித்த எல்லாரையும் அங்கேதான் கொண்டுவந்தார்கள் என்றான்.

"அவன் மச்சம் திங்கமாட்டானே தம்பி?" அது கேள்வியாக இல்லை, கெஞ்சலாக இருந்தது.

"முதல் திண்டு சத்தி எடுத்தவர் ஐயா. பிறகு பசியிலை திண்டவர். வீட்டிலை சொல்லிப் போடாதை எண்டு சிரிச்சவர். என்ரை அம்மா வந்து போன பிறகு நல்ல சந்தோசம். ஆக்களைப் பாக்க விடுற நாளெல்லாம் முகம் கழுவிக்கொண்டு இருப்பார், அப்பா வருவார் எண்டு. ஆக்கள் வந்து கேட்ட பெடியளைத்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனவங்கள்."

பஞ்சலிங்கம் அவன் சொன்னதில் ஓட்டை தேடினார். ஓட்டை இல்லை. எந்தப் பக்கத்தால் தட்டிப் பார்த்தாலும் கதை பொருந்தியது.

மீனாம்பிகை அவருடைய கையை விட்டார்.

"எப்ப தம்பி?"

"மாசி நடுவிலை அம்மா."

"உம்முடைய அம்மா இஞ்சை வந்தது கார்த்திகை" என்றார் மீனாம்பிகை. பிறகு ஒருவரையும் பாராமல், மெல்ல, "மார்கழி, தை..." என்றார்.