இத்தாலிய மொழியும் ஒரு கூடை கவலை மீனும்

பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழி மூன்றாம் ஆண்டு படித்தபோது விடுமுறைக்குக் கடலூர் வந்திருந்தேன். இத்தாலியக் கவிதைக்கே விளக்கம் சொல்வேன் என்ற திமிர் வேறு. சிதம்பரத்து மாமாவோடு துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனேன்.

"இத்தாலிக்காரங்கல்லாம் எப்படிப் பேசுவாங்க?" என்று மாமா கேட்டார்.

பண்பாட்டு வகுப்பில் கற்றதை அப்படியே காட்டினேன். விரல்களைக் குவித்து, கையை உயர்த்தி ஆட்டி, இத்தாலிய மொழியில் நீளமாக ஒரு வாக்கியம் பேசினேன். இலக்கணம் பிசகவே இல்லை.

பக்கத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் என் கையைப் பார்த்து, "தம்பிக்குத்தான்" என்று முடித்துவிட்டார். ஒரு கூடை கவலை மீன் என் காலடிக்கு வந்தது.

"நான் கேக்கலண்ணே, பேசிக்கிட்டிருந்தேன்."

"கையத் தூக்குனீங்கல்ல தம்பி?"

மாமாதான் பணம் கொடுத்தார். தெரு முழுக்க மீன் பங்கிட்டோம்.

"நல்லாத்தான் பேசுறான், கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசுறான்" என்று மாமா அம்மாவிடம் சொன்னார்.