சின்ன பிளேனுக்கு வந்த உத்தரவு

சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்கு ஏரோடிராமில் என்ன வேலை என்று கேட்பார்கள். தள்ளுகிற வேலைதான். எழுபதுகளில் என் அக்காள் புருஷன், எங்கள் அத்தான், என்னை அங்கே தினக்கூலிக்குச் சேர்த்துவிட்டார். எந்த ஊர் என்பது இப்போது எதற்கு? பொட்டல் காடு, வேலிக்கருவை, ஒரே ஒரு ஓடுதளம். ஒதுங்க ஒரு வேப்பமரம் உண்டு, அதிலும் கட்டெறும்பு.

லைன் பிளேன் என்பது டிக்கெட் வாங்கிய ஜனங்கள் ஏறுகிற பெரிய பிளேன். தினமும் வரும். மில் முதலாளிகளின் சின்ன பிளேன்கள் அவர்கள் நினைத்த நேரத்துக்கு வரும், போகும். இரண்டுக்கும் பாதை ஒன்றுதான். பெரியது இறங்கி ஒதுங்கும்வரை சின்னது புல்லில் நிற்க வேண்டும். டவரில் இருக்கிற ஆபீசர் சரி என்ற பிறகுதான் நாங்கள் நாலைந்து பேர் அதைக் கையால் தள்ளி ஓடுதளத்தின் தலைமாட்டில் நிறுத்துவோம். பருத்தி வண்டியை மேட்டில் தள்ளிப் பழகியவர்களுக்கு அது கனமே இல்லை.

ஆபீசர் சொல்லை மாடியிலிருந்து கீழே கொண்டுவருவது அத்தான் வேலை. அவர் அங்கே நிரந்தரம். எனக்கும் நிரந்தரம் ஆகிவிடும் என்று சொல்லித்தான் புளியங்குடியில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். எலுமிச்சை வியாபாரம் செய்கிற வீடு. வேலை உறுதியானதும் தேதி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

மழை ஓய்ந்த ஒரு மத்தியானம் அத்தான் வந்தார். சற்று முன்னால்தான் ஒரு முதலாளியின் மேனேஜரோடு கார் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, லைன் பிளேன் இன்னைக்கு லேட்டாம். சின்னதைக் கொண்டு போய் நிறுத்துங்க. டவர் ஐயா சொல்லிட்டாரு."

நிறுத்தினோம். முதலாளி வரவில்லை, லைன் பிளேன் வந்துவிட்டது. டவரில் மணி அடித்தார்கள். பதறிப்போய்த் திரும்பத் தள்ளினால் சக்கரம் ஓரத்துச் சேற்றில் புதைந்துகொண்டது. வால் பாதையிலேயே நின்றது. எங்கள் ஊரில் ஜனங்கள் கோவிலை ஆடிச்சுற்று சுற்றுவது போல அந்தப் பெரிய பிளேன் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் இறங்க முடியாமல் வந்த வழியே போய்விட்டது.

மறுநாள் விசாரணை. ஆபீசர் தான் உத்தரவே கொடுக்கவில்லை என்றார். அத்தான், தான் எதுவும் சொல்லவில்லை, நாங்களாகத் தள்ளியிருக்கிறோம் என்றார். அத்தான் சொன்னபோது பக்கத்தில் பிளேன் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த, எங்களோடு தள்ளுகிற பனவடலிசத்திரத்துக்காரர் காதில் அது விழுந்திருந்தது. அவரைக் கூப்பிடட்டுமா என்று ஆபீசர் கேட்டார். நான்தான் தடுத்தேன்.

"அவுக எங்க அத்தான்யா. சாட்சி எதுக்கு? கோமதி அம்பா மேல சத்தியம் பண்ணிச் சொல்லட்டும். நான் ஏத்துக்கிடுதேன்."

ஆபீசர் வடக்கத்திக்காரர், அவருக்கு இது விளங்கவில்லை. எங்கள் ஊரில் கோவில் புற்றுமண்ணைக் கையில் எடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. வரப்புச் சண்டை, ஆட்டுச் சண்டை எல்லாம் அதோடு தீரும். அத்தானின் சட்டைப்பையில் அந்த மண் எப்போதும் பொட்டலமாக இருக்கும். எனக்கு வயிற்றுவலி வந்தபோது அதில்தான் ஒரு சிட்டிகை கரைத்துக் கொடுத்தார். அதைத் தொடமாட்டார் என்று நான் நினைத்தேன்.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். மண்ணை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அம்பா சாட்சியாச் சொல்லுதேன். நான் சொல்லல."

குரல் பிசிறக்கூட இல்லை. ஏற்றுக்கொள்வதாகச் சொன்னவன் நான். ஏற்றுக்கொண்டேன். அன்று சாயங்காலமே என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். புளியங்குடிப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள்.

எண்பதுகளில் நான் எங்கள் ஊர் ரதவீதியில் சுக்குக்காப்பி விற்றேன். ஆடித்தபசுக்குக் கொடி ஏறினதும் அத்தான் வந்துவிடுவார். செருப்பில்லாமல் கோவிலைச் சுற்றுவார். முழங்கால் வலிக்கு நேர்ந்துகொண்டதாக ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிறபோது கோபுரத்தைப் பார்த்துக்கொள்வார்.

ஒரு வருஷம் அக்காள் கடையில் உட்கார்ந்து குடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏலே, ஒங்க அத்தானுக்கும் ஒரு டம்ளர் குடுத்தா என்னல?"

"சுத்தி முடிக்கட்டும்க்கா. இங்கன வந்து கேக்கட்டும், குடுக்குதேன்."

டம்ளரைக் கழுவி வைத்திருந்தேன். சுற்று முடிந்ததும் அவர் வேறு தெரு வழியாகப் போய்விட்டார்.