பம்ப் படத்தில் கருப்புக் கட்டம்

ஒரு படம் ஒழுங்கா வரலைன்னு ஒரு ஆளை வேலையை விட்டுப் போக விடாம பிடிச்சு வைக்க முடியுமா? முடியும். என்னை வச்சாங்க.

பெங்களூர் பீன்யாவுல பம்ப் செய்யற ஒரு சின்ன கம்பெனியில மேனுவல் எழுதறது என் வேலை. எந்த நட்டை எப்போ கழட்டணும், எதை எங்க பூட்டணும்னு வேர்ட்ல எழுதி, நடுநடுவே படம் வைப்பேன். முதலாளி எங்க ஊர்க்காரர், கோலார் தங்கவயல். எங்க அப்பாவும் அவங்க அப்பாவும் ஒரே சுரங்கத்துல இறங்கினவங்க. நான் படிச்சு முடிச்சு வீட்டுல சும்மா கிடந்தப்போ கூப்பிட்டு வேலை குடுத்தவர். அதனால எனக்கு அவர் சார் இல்ல, அண்ணா. முதலாளியை அண்ணான்னு கூப்பிட ஆரம்பிச்சா தொலைஞ்சோம், அப்புறம் அவர்கிட்ட சண்டை கூடப் போட முடியாது.

எங்க ஊர் ரயில் வர்ற பக்கமா இருக்கிற தொம்மலூர்ல எனக்கு வேற வேலை கிடைச்சிருந்தது. தினம் ஊர்ல இருந்து ரயில்ல நின்னுக்கிட்டே வந்து, இறங்கி மெட்ரோ பிடிச்சு, பெங்களூரை இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் கடக்கிற கொடுமை தீரும். வீட்டுல என் பிள்ளை முழிச்சிருக்கும்போதே நான் வந்து சேர்ந்திடலாம். எனக்கு அது போதும். ஆனா திங்கக்கிழமை ரிலீவிங் லெட்டரோட வரணும், இல்லன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குவோம்னு அந்த ஆபீஸ் மேடம் கறாரா சொல்லிட்டாங்க.

லெட்டர் டைப் பண்ணி அண்ணா மேசையிலதான் இருந்தது. "படம் சரியா வரட்டும்மா, உடனே சைன் போட்டுடறேன்" என்றார்.

அந்தப் பாழாப்போன படம், பம்ப்பை நடுவுல வெட்டிக் காட்டுற வெக்டர் படம். கோடு கோடாவே சேமிச்சிருப்பாங்க, எவ்வளவு பெருசாக்கினாலும் மங்காது. என் ஸ்க்ரீன்ல சுத்தமா வந்தது. மெயில்ல அனுப்பினா, அண்ணா கேபினுக்குள்ள இருந்து கத்துவார்: "ஏம்மா, மறுபடியும் கருப்பு!" போய் எட்டிப் பார்த்தா, பம்ப்போட நடுவுல கருப்பா ஒரு கட்டம். அம்புக்குறியெல்லாம் இடம் மாறி எங்கேயோ நிக்கும்.

நானும் தலைகீழா நின்னு பார்த்துட்டேன். நிழலை எல்லாம் எடுத்தேன். எழுத்தைக் கோடா மாத்தினேன். டிசைன் செக்‌ஷன்ல போய்க் கெஞ்சி, வேற வகையில சேமிச்சு வாங்கி வந்தேன். சாதாரண போட்டோவா மாத்தி வச்சா நம்பரெல்லாம் மங்கிப் போச்சு. பி.டி.எஃப். அனுப்பிடலாம்னா, பம்ப் வாங்கறவங்க அவங்க பேரைப் போட்டுக்கணும், வேர்ட் ஃபைல்தான் வேணும்னு அடம் பிடிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் என் ஸ்க்ரீன்ல சுத்தம், அவர் ஸ்க்ரீன்ல கருப்பு. பைத்தியம் பிடிக்காத குறை. ஜன்னல் வழியா மெட்ரோ போறதைப் பார்த்தாலே அழுகையா வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொறுமை போயிடுச்சு. எங்க கம்பெனியில யாரும் அண்ணா நாற்காலிக்குப் பின்னாடி போய் நிக்க மாட்டாங்க, அது மரியாதை இல்ல. நான் போய் நின்னேன். "திறங்கண்ணா, பார்க்கறேன்."

திறந்தார். படிக்கிறதுக்கு முன்னாடியே அவர் கை தானா போய், ஃபைலைப் பழைய வேர்ட் டைப்ல சேமிச்சது. மூடினார். அந்தப் பழைய ஃபைலைத் திறந்தார். கருப்புக் கட்டம்!

"இது எதுக்குண்ணா?"

"மெஷின் ஓடற ஷாப்ஃப்ளோர் கம்ப்யூட்டர்ல புது டைப் ஃபைல் திறக்காதுல்லம்மா."

அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குத் தூக்கிப் போட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. நாங்க எல்லாரும் அந்தப் பழக்கத்தை விட்டுட்டோம். அவர் கை விடல. பழைய டைப்புக்குப் போனா இந்த மாதிரிப் படம் கெட்டுப் போகும், அவ்வளவுதான் விஷயம். நான் அனுப்பின ஃபைலை அப்படியே திறந்து காட்டினேன். பம்ப் பளிச்சுன்னு நின்னுது.

"ஆய்த்து, ஆய்த்து!" அண்ணாவுக்கு சந்தோஷம் வந்தா 'ஆச்சு'ங்கறது கூட கன்னடத்துல வந்துடும். மேசையைத் தட்டிச் சிரிச்சார். நானும் சிரிச்சுட்டு லெட்டரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் பேனாவை எடுத்தார். மூடி வச்சுட்டார். "இதைக் கண்டுபிடிக்க இங்க வேற யாரும்மா இருக்கா? நீ போயிட்டு, நாளைக்கு இன்னொண்ணு வந்தா நான் யார்கிட்ட போவேன்? ஒரே ஒரு மாசம். அவங்ககிட்ட கேட்டுப் பாரு. நம்ம வீட்டுப் பொண்ணு நீ."

என் வாயில நானே மண்ணைப் போட்டுக்கிட்டேன். "அண்ணா, திங்கக்கிழமை நான் அங்க இருக்கணும்" என்றேன். அவர் லெட்டரை எடுத்து டிராயர்ல வச்சு மூடினார். முகத்துல கோபமே இல்ல. பயந்துதான் போயிருந்தார். அதைப் பார்த்துட்டு நான் வெளியே வந்துட்டேன்.

படிக்கட்டுல நின்னு தொம்மலூருக்குப் போன் போட்டு, ஒரு மாசம் தவணை கேட்டேன். அந்த மேடம் முழுசாக் கேட்டாங்க. "பரவாயில்லம்மா, இன்னொருத்தர் ரெடியா இருக்காங்க" என்றாங்க. முகத்தைக் கழுவிட்டு என் சீட்டுக்கு வந்தேன்.

நான் முன்னாடி அனுப்பின இன்னொரு மேனுவல் அண்ணாகிட்ட இருந்து மெயில்ல திரும்பி வந்திருந்தது. 'இதுலயும் கருப்பு வருதும்மா, கொஞ்சம் பாரேன்.'

ஃபைலைப் பார்த்தேன். பழைய டைப்லதான் சேமிச்சிருந்தார்.