ஹேவாஹெட்ட அரணையும் நானும்

சருகு புரட்டி அரணை தேடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே நம் ஆயுளில் பாதி போய்விடும். அட்டைக்கடியோடு அந்தக் கேள்வியையும் வாங்கிக் கட்டியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

பெண் பார்க்கப் போனது

தெல்தோட்டையில் பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அரணை தேடிக் கொடுக்கிறேன், இந்த ஹேவாஹெட்ட மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத அரணை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பெண்ணின் அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேற எங்கயும் வேணாம்னு விட்டது, இங்க மட்டும் என்னத்துக்குத் தம்பி?"

கந்தோரில்

அந்த அரணை இருக்கும் ஓடைக்கரைக் காட்டை வெட்டி ஹோட்டல் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கண்டிக்கு ஓடினேன். வன இலாகா கந்தோரில் இருந்த அதிகாரியிடம் நான் எடுத்த படங்களை நீட்டினேன். அவர் ஒன்றைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை.

"படம் எங்க வேணும்னாலும் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை வர்றோம், அந்தக் காட்டுல உயிரோட ஒன்னக் காட்டுங்க, வெட்ட விடமாட்டோம்."

அக்காமார் செய்த உதவி

நாலு நாளாகத் தேடியும் ஒன்றும் கண்ணில் படவில்லை. தேயிலைக் கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம், "அரணை அவசரமா வேணும், எப்படியாவது புடிச்சுத் தாங்க" என்று கெஞ்சினேன். அரணை நக்கினாலே ஆள் காலி என்று நம்புகிற சனம். தெரிந்திருந்தும், உயிரோடு வேண்டும் என்று சொல்லாமல் விட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்!

வெள்ளிக்கிழமை, அதிகாரிகள் வந்து நிற்கும்போது செல்வி அக்கா மூச்சு வாங்க ஓடிவந்தார். சேப்பங்கிழங்கு இலையை விரித்தார். ஐந்து அரணை, ஐந்துக்கும் தலை நசுங்கியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ வெறுங்கையால புடிச்சு செத்துகித்துப் போனா என்னா பண்றது, அதான் நாங்களே அடிச்சுட்டோம்."

புது உத்தியோகம்

செத்தது செல்லாது என்று அதிகாரிகள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். காடு போனது, ஹோட்டல் வந்தது. அந்தக் காடே இல்லாதபோது ஆராய்ச்சிக்காரர்களுக்கு நான் எதற்கு? மானத்தை விட்டு அந்த ஹோட்டலிலேயே வேலை கேட்டேன். மேனேஜர் என் சான்றிதழ்களைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு, ரூமுக்குள்ள அரணை வராமப் பாத்துக்குங்க, உங்களுக்குத்தான் அதுங்க குணம் தெரியுமே."

சேர்ந்து ஏழு மாதமாகிறது, இன்றுவரை ஓர் அரணைகூட எட்டிப் பார்க்கவில்லை, என்னைப்போல் கெட்டிக்காரன் கிடையாது என்று எல்லோரும் மெச்சுகிறார்கள்.