விஜயதசமியன்று அணைந்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் எட்டு மாதம் நான்தான் தபால்காரி. அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. சேலையூர்ப் பக்கத்தில் இரண்டே அறை உள்ள வீடு அது. ஒருவர் தும்மினால் மற்றவர் நகர்ந்து நிற்க வேண்டும். அதில் இரண்டு ஆண்கள் எட்டு மாதம் பேசாமல் இருப்பதென்றால் லேசான காரியமா? "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்று அப்பா என்னைப் பார்த்துச் சொல்வார். ஃபேன் ஸ்விட்ச் அண்ணனின் தோளை ஒட்டி இருக்கும். நான் திரும்பி, "அண்ணா, ஃபேனைக் குறைக்கணுமாம்" என்பேன். அதற்குப் பிறகுதான் அண்ணனுக்குக் காது கேட்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. இந்த உத்தியோகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நான் இல்லாவிட்டால் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், நீளமாகச் சொல்லி அனுப்பினால் நான் சுருக்கிவிடுவேன். அப்பா ஒரு அலுவலகத்தில் கடிதம் எழுதியே தலை நரைத்தவர். 'மேற்படி', 'ஆகவே' எல்லாம் இல்லாமல் அவருக்குப் பேச வராது. அதையெல்லாம் யார் சுமப்பது?

சண்டைக்குக் காரணம் அண்ணனின் கம்ப்யூட்டர். காலேஜ் முடித்ததும் வங்கித் தேர்வு எழுது என்றார் அப்பா. சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் கம்ப்யூட்டரில் மழை, வெள்ளம், தீ எல்லாம் உருவாக்குகிறார்களே, அந்த வேலைக்குத்தான் போவேன் என்றான் அண்ணன். "பொம்மை போடறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று அப்பா கேட்டதுதான் அவர்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு.

அந்த வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் கிண்டிப் பக்கத்து ஸ்டுடியோ ஒன்று அண்ணனுக்குப் பரீட்சை வைத்தது. பத்து நொடிக் காட்சி ஒன்றைச் செய்து அனுப்ப வேண்டும். விஜயதசமிக்கு மறுநாள் மாலை ஆறு மணி கெடு. தேறினால் வேலை, இல்லாவிட்டால் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். கொட்டும் மழையில் சேலையூர் ரோட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ போகிறது, அவ்வளவுதான் காட்சி. அதன் ஒவ்வொரு மழைத்துளியையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைய வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரின் வழக்கமான வேகத்தில் அதற்கு முப்பத்தாறு மணி நேரம் ஆகும்.

அதற்கும் அண்ணன் ஒரு வழி வைத்திருந்தான். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குக் கம்பெனிக்காரன் ஒரு வேகம் நிர்ணயித்து அனுப்புகிறான். அதை மீறி ஓடச் சொல்லி நாமே உத்தரவு போடலாம். அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். மூன்று புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டியதை அண்ணன் நாலு புள்ளி நாலுக்கு ஏற்றியிருந்தான். இரண்டு வாரம் அது ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. அந்த வேகத்தில் இருபத்தெட்டு மணி நேரம் போதும். பூஜையன்று மட்டும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது, அது சாமிக்கு முன்னால் ஓய்வெடுக்க வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். விஜயதசமி காலையில் ஆரம்பித்தால் கூட நேரம் தாராளம் என்று அண்ணனும் ஒப்புக்கொண்டான்.

பூஜையன்று காலை வீடே அமளி. அப்பா ஸ்கூட்டரைக் குளிப்பாட்டினார். அம்மா மிக்சி, தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். அண்ணன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி தட்டினான். பிராசசரின் சூட்டை வாங்கிக்கொள்ள அதன் தலைமேல் ஹீட்சிங்க் என்று ஒரு உலோகக் கட்டி, ஃபேனோடு உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, பிராசசரின்மேல் சாம்பல் நிறப் பசையைப் புதிதாகத் தடவினான். இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான் சூடு ஏறி வெளியே போகும், அதற்குத்தான் அந்தப் பேஸ்ட். ஹீட்சிங்கைத் திருப்பி மாட்டுவதற்குள் அம்மா கத்தினாள். பொரியும் பூசணிக்காயும் வாங்க மறந்துவிட்டதாம். அண்ணன் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓடினான்.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் மூடப்பட்டு, மாலை போட்டுக்கொண்டு சாமி முன்னால் இருந்தது. அப்பா மாட்டிவிட்டாராம். அண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேரே போய்க் கேட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் கேட்க முடியாதே! என்னைக் கூப்பிட்டான். "ஹீட்சிங்கைச் சரியா மாட்டினாரான்னு கேட்டுட்டு வா."

நான் போய்க் கேட்டேன். அப்பா ஸ்கூட்டர் சக்கரத்தைத் துடைத்தபடியே, அதில் ஏகப்பட்ட அழுக்கு இருந்ததாகவும், தான் அதைச் சுத்தமாகத் துடைத்து, முறைப்படி பொட்டும் வைத்து, கிளிப் போட்டு மாட்டிவிட்டதாகவும், கார்புரேட்டரையே கழற்றி மாட்டுகிறவனிடம் இதெல்லாம் ஒரு கேள்வியா என்றும் ஒரு கடிதமே வாசித்தார். நான் அண்ணனிடம் வந்து, "மாட்டியாச்சாம்" என்றேன்.

மறுநாள் விஜயதசமி. ஏழரை மணிக்கு அண்ணன் சாமி கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினான். திரையில் முதல் மழைத்துளி வருவதற்குள் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டான். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

வோல்டேஜ் போதவில்லையோ என்று கொஞ்சம் கூட்டினான். இன்னும் சீக்கிரமாகப் போயிற்று. வேகத்தை நாலு புள்ளி இரண்டுக்கு இறக்கினான். நாலு நிமிடம் ஓடிவிட்டுப் படுத்தது. மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான், பிளக்கை வேறு பாயிண்ட்டில் செருகினான், ஓவர்கிளாக்கே வேண்டாம் என்று கம்பெனி வேகத்துக்கே போனான். அதிலும் பத்தே நிமிடம்தான். பம்மலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் நண்பனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான். அவன், "மச்சான், இன்னாடா காலங்காத்தால பேஜார் பண்ற! எஸ்எம்பிஎஸ் பூட்டுச்சோ இன்னாவோ. இல்லாங்காட்டி போர்டே பணால் ஆயிகீதுடா" என்றான். கரண்ட் கொடுக்கும் பெட்டி போச்சு, இல்லாவிட்டால் போர்டே போச்சு என்று அர்த்தம். புதிதாக வாங்கி மாட்டி, அதற்குப் பிறகு இருபத்தெட்டு மணி நேரமா? அண்ணன் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாக. "என்னவாம்?" என்று என்னிடம் கேட்டார். "கம்ப்யூட்டர் செத்துப்போச்சாம்" என்றேன். அவர் மறுபடி அதே பக்கத்துக்குப் போனார்.

நான் இதற்குள் ரஃப் நோட்டில் எல்லாவற்றையும் குறித்திருந்தேன். என்ன மாற்றினான், எத்தனை நிமிடம் ஓடியது என்று. அண்ணன் சொல்லி அல்ல, விஜயதசமியன்று எதையாவது எழுதியே ஆக வேண்டும் என்று அம்மா பிடித்த பிடிவாதத்தால். கணக்குப் பாடத்துக்கு இது தேவலை அல்லவா? எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வோல்டேஜைக் கூட்டினால் ஆயுசு குறைகிறது, வேகத்தைக் குறைத்தால் ஆயுசு கூடுகிறது. அணைந்த உடனே போட்டால் ஒரே நிமிடம். நண்பனோடு பேசி முடித்து, வெகு நேரம் கழித்து இன்னொரு தடவை போட்டபோது பதினைந்து நிமிடம். இளைப்பாறினால் ஓடுகிறது.

"அண்ணா, அதுக்குச் சூடு தாங்கலையோ?"

"சூடு தொண்ணூத்தெட்டு டிகிரின்னுதான் காட்டுது. ஆனா சென்சார் பொய் சொல்லுது. நீயே தொட்டுப் பாரு, ஹீட்சிங்க் சில்லுன்னு இருக்கு. அவ்ளோ சூடு இருந்தா கை வெக்க முடியுமா?"

தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே சில்லென்றுதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா சமையலறையிலிருந்து என்னைத் திட்டினாள். நான் தோசைக்கல்லைச் சரியாக வைக்காமல் ஒரு கரண்டிக் காம்பின்மேல் ஏற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேனாம். அடுப்பு பாட்டுக்கு எரிகிறது, தோசை பாட்டுக்கு வெள்ளையாகக் கிடக்கிறது.

"அண்ணா! அடுப்பு எரியுது, கல்லு சூடாகல. அப்போ கல்லு அடுப்புல ஒழுங்கா உக்காரலன்னுதானே அர்த்தம்? நடுவுல ஏதோ இருக்கு!"

அண்ணன் மளமளவென்று கிளிப்பைத் தளர்த்தி ஹீட்சிங்கைத் தூக்கினான்.

பிராசசர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. சாம்பல் நிறப் பசையின் அடையாளமே இல்லை. அதற்குப் பதில், பிராசசரின் நட்டநடுவில், அழகாக வட்டமாக, காய்ந்துபோன சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம். அந்தப் பொட்டின் மேட்டில் ஹீட்சிங்க் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"ஐயோ! யாரு இதைப் பண்ணது?" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் அப்பா பேப்பரோடு உள்ளே வந்தார். எட்டிப் பார்த்தார்.

"துடைச்சுட்டு, பொட்டு வெச்சு மாட்டியிருக்கேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேனே" என்றார்.

"மாட்டியாச்சுன்னு மட்டும்தாம்பா சொன்னா!"

"அழுக்கு நிறைய இருந்துதுன்னு சொல்லலை?"

"அது அழுக்கு இல்லப்பா, பேஸ்ட்டு!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "நான்தானே கண்டுபிடிச்சேன்!" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினேன். முதலில் அண்ணன்தான் சிரித்தான். அப்புறம் அப்பா. தையல் மெஷினுக்கு ஊசியிலும், ஸ்கூட்டருக்கு என்ஜினிலும் பொட்டு வைக்கிறோம், கம்ப்யூட்டருக்குப் பெட்டிமேல் வைத்தால் எப்படிச் சேரும், அதன் மூளையிலேயே வைத்தால்தானே உன் காரியம் ஜெயிக்கும் என்று வைத்தேன் என்று அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அண்ணன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

பேஸ்ட் டியூபில் துளி மிச்சமில்லை. "வண்டியை எடுக்கறேன், வா" என்றார் அப்பா. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கண்டுபிடித்தவள் இல்லாமல் எப்படி? அவர்கள் என்னைக் கவனிக்கவே இல்லை. பொட்டு வைத்த ஸ்கூட்டரில் அப்பாவுக்குப் பின்னால் அண்ணன் ஏறிக்கொண்டான். பம்மல் நண்பனின் கடைக்கு வண்டி பறந்தது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பன்னிரண்டேகாலுக்குப் புதுப் பேஸ்ட்டோடு நாலு புள்ளி நாலில் வேலை மறுபடி தொடங்கியது. சூடு அறுபத்தெட்டைத் தாண்டவில்லை. கரண்ட் போகக் கூடாது என்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். பிள்ளையார் கைவிடவில்லை. மறுநாள் மாலை நாலேகாலுக்குக் காட்சியின் கடைசிப் படமும் வரைந்து முடிந்தபோது நான் கட்டில்மேல் ஏறிக் குதித்தேன். ஜெயித்துவிட்டோம்! எல்லோரும் திரை முன்னால் நின்று பார்த்தோம். மழை கொட்டியது. ஷேர் ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

"இந்தப் பள்ளம் நம்ம மாவு மில் வாசல்ல இருக்கறதுதானே?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. அப்படியே அளந்து போட்டேன்."

"பாவி, அச்சு அசலா இருக்கேடா! பொம்மைன்னு யாரு சொல்லுவா?"

ஐந்து மணிக்குள் அனுப்பியாகிவிட்டது. இரண்டு வாரத்தில் வேலைக்கான கடிதமும் வந்தது. தெரு முழுக்க அம்மா கேசரி கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் தோசைக்கல் கதையை நானே சொன்னேன். கரண்டிக் காம்பை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆனால் வீட்டுக்குள் என் பாடு சரியில்லை. என்னை யாரும் கூப்பிடுவதே இல்லை. கேசரி கொடுத்த அன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்து, அப்பாவும் அண்ணனும் உட்கார்ந்து ஸ்கூட்டர் ஏன் மேட்டில் திணறுகிறது என்று பேச ஆரம்பித்தார்கள். "அண்ணா, அப்பா என்ன கேக்கறாருன்னா" என்று நடுவில் புகுந்தேன். "கேட்டுச்சுடி" என்றான் அண்ணன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அம்மாவிடம் முறையிடப் போனேன். அவள் டிவி முன்னால் இருந்தாள். ஒரு நாள் விடாமல் பார்க்கும் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் சத்தமே இல்லை. திரையில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைப் பார்க்கவும் இல்லை. தலையைச் சாய்த்து, கார்புரேட்டரைப் பற்றி ஹாலில் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சில் கேட்பதற்கு என்ன இருக்கிறதென்று எனக்குப் புரியவில்லை. டிவி கெட்டுப்போய்விட்டது, இதையும் நானே சரிசெய்துவிடலாம் என்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அம்மா என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, மறுபடியும் சத்தத்தை நிறுத்தினாள்.