பூஜை மத்தியானத்தில் சுழன்ற மூலக்கூறுகள்

2004 துர்கா பூஜை விடுமுறையில் கொல்கத்தா போனேன். ஊர் பார்க்க அல்ல. என்னோடு ஆராய்ச்சி செய்த முரளி அந்தக் கோடையில் இறந்துபோனான். அவன் உருவாக்கிய மூலக்கூறு ஒரு சிறு குப்பியில் மிச்சமிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய இயந்திரம்: அடிப்பகுதி தங்கத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், மேலே ஒரு கை சுழலும். தகட்டில் விட்டால் தாமாகவே வரிசை கட்டி நிற்கும் என்பான். யாரும் பார்த்ததில்லை. குப்பியில் இருந்தது ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும். பார்க்கும் கருவி ஜாதவ்பூரில், நண்பர் ஒருவரின் ஆய்வகத்தில் இருந்தது.

சென்னையிலிருந்து ஹௌரா சுமார் 1,660 கிலோமீட்டர், ரயிலில் இருபத்தேழு மணி நேரம். குப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினேன். தங்கியது கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில், முரளியின் அக்கா வசந்தா வீட்டில்.

விடுமுறையில் கருவி சும்மா கிடக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த வாரம் போனேன். என் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல! ஆய்வகத்தின் பின்புறமே பூஜைப் பந்தல், காலையிலிருந்து டாக் மேளம். அந்தக் கருவியின் ஊசி மேற்பரப்பைத் தொடாமல் அணு அணுவாகத் துழாவும். பக்கத்து அறைக் கதவைச் சாத்தினாலே படம் கலையும். வெறும் தகட்டை வைத்துப் பார்த்ததிலேயே திரை முழுக்கக் கோடுகள். குப்பியில் நிறம் மங்கத் தொடங்கியிருந்தது. பூஜை முடியும்வரை தாங்காது. எனக்குப் பயமாக இருந்தது.

சாயந்தரம் அக்காவிடம் சொன்னேன். "மத்தியானம் போக், அதான் பிரசாதச் சாப்பாடு, சாப்பிட்டதும் மேளக்காரங்க படுத்திருவாங்க. ஆரத்தி வரைக்கும் சத்தம் இருக்காது. நாளைக்கு நானும் வரேன்," என்றார்.

மறுநாள் அப்படியே அடங்கியது. மின்விசிறியையும் நிறுத்திவிட்டுச் சொட்டு விட்டேன். ஊசி நகர நகர, திரையில் வரிசைகள் தெரிந்தன. பிசகில்லாத வரிசைகள்.

அக்கா கிட்டே வந்து பார்த்தார். "ஒவ்வொண்ணுலயும் நடுவுல கலங்கலா இருக்கே. கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. அந்தக் கை சுத்துது. அந்த வேகம் ஊசிக்குப் பிடிபடல."

"இப்பவுமா?"

"இப்பவும்தான்."

ஆரத்திக்கு மேளம் எழும்வரை அவர் திரையை விட்டு நகரவில்லை.

பூஜை நாட்களில் ஜாதவ்பூர் போகிறவர்கள் காளிகாட் வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து பஸ் பிடியுங்கள். சாயந்தரம் டாக்சி கிடைக்காது. அமைதி தேவைப்படும் வேலை என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தின் ஒரு பிரதி அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. படம் ஏன் கலங்கியிருக்கிறது என்று கேட்பவர்களிடம், தம்பி செய்தது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்கிறாராம்.