இலை கொட்டிய பவளமல்லி

பவளமல்லி காட்டுச் செடி. கோடை வந்தால் இலையை மொத்தமாகக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். ஒரு மழை விழுந்தால் துளிர்த்துக்கொள்ளும். இது தெரியாதவர்கள் பட்டுப்போனதென்று நினைத்தால் தப்பில்லை. எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மாதவரத்தில் என் அக்கா வீட்டிலிருந்து ஒடித்து வந்த குச்சிகளைப் பால் கவரில் மண் போட்டு நட்டேன். முதல் தடவை தண்ணீரை ஊற்றி ஊற்றியே அழுகவைத்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் முற்றிய குச்சிகளாகப் பார்த்து, இலையை உருவிவிட்டு நிழலில் வைத்தேன். ஒன்றே ஒன்று பிழைத்தது. அதைத் திருவொற்றியூரில் எங்கள் பிளாட்டின் மோட்டார் ரூம் ஓரமாக வைத்தேன். காற்றடித்தால் கொடியில் காயும் துணியிலேயே கரித்தூசி படியும் ஊர் இது. பவளமல்லி இலையோ சொரசொரப்பு, தூசியை விடாது. பைப்பைப் பிடித்து இலை இலையாகக் கழுவினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

பூக்க ஆரம்பித்ததும் விடியற்காலையில் அடியில் பழைய புடவையை விரித்துவிட்டு எதிர்வீட்டுக்காரியும் நானும் பொறுக்குவோம். தரையில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கலாம் என்றால் இதைத்தான் வைக்கலாம். அவள் கூடைதான் எப்போதும் முதலில் நிறையும். “நம்ம செடி” என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் கோடையில் அது மொட்டையாக நின்றபோது, “இன்னாக்கா, பூட்ச்சா?” என்று கலங்கிப்போனாள். நகத்தால் பட்டையைக் கீறி உள்ளிருந்த பச்சையைக் காட்டினேன். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

இந்தக் கோடையில் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று மாதவரம் போய்விட்டேன். சில வாரம் கழித்துத் திரும்பினால், செடி இருந்த இடத்தில் சிமென்ட் தரை. அதன்மேல் அவள் மகனின் புதுக் கார்.

வாட்ச்மேனைக் கேட்டேன். “உன்னிய ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு செக்ரட்டரி சொன்னாரும்மா. எதிர்வூட்டம்மாதான் நகத்தால கீறிப் பாத்துட்டு, செத்துப்போச்சு, எட்த்துருங்கன்னாங்க.”

கீறிப் பார்த்திருக்கிறாள். பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். செக்ரட்டரி மேலோ பிடுங்கிய ஆள் மேலோ எனக்குக் கோபமே வரவில்லை. வந்ததெல்லாம் அவள் மேல்தான்.

கதவைத் தட்டிக் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை. “புது வண்டிக்கா. ரோட்ல வுட்டா கோடு போட்டுட்றானுங்க. நீ இருந்தா வுட்ருப்பியா?”

நான் இல்லாத நேரம் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். வேறு இடம் பார்த்துப் போகலாம் என்றால் சொந்த வீடு. தினமும் கதவைத் திறந்தால் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது.